மூடிய ஐஸ் கம்பெனி நிலத்தை ஊர் எடுக்கும் முன்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, மீன் இறங்கும் ஊர்கள் பலவற்றில் பூட்டிக் கிடக்கும் ஐஸ் கம்பெனி ஒன்றாவது கண்ணில் படும். ஓட்டுக் கொட்டகை, துருவேறிய கண்டன்சர், சுற்றிலும் ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேல். முப்பது, நாற்பது சென்ட் இடம் கடற்கரையை ஒட்டிச் சும்மா கிடந்தால் ஊருக்கு ஆசை வருவது இயல்புதான். வலை பின்னக் கொட்டகை வேண்டும், பிள்ளைகளுக்கு வாலிபால் மைதானம் வேண்டும், பெண்களுக்குக் கருவாடு காயப்போடக் களம் வேண்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய இரும்புக் கடைக்காரர் வந்து மிஷினைக் கழற்றிக்கொண்டு போவார், ஜேசிபி வந்து கருவேலை வேரோடு புரட்டி இடத்தை நிரவும், நாலு லோடு கிராவல் அடிப்பார்கள், திறப்பு விழா. இந்த வரிசை அத்தனையும் தலைகீழ். கம்பெனி ஓடிய இருபது வருடத்தில் மண்ணில் இறங்கியதைவிட, கழற்றும் அந்த ஒரு வாரத்தில் இறங்குவது அதிகமாக இருக்கும்.

முதலில் அந்த இடத்தில் என்னென்ன இருக்கக்கூடும் என்று தெரிய வேண்டும். மூக்குக்குத் தெரிவது இரண்டு: ஜெனரேட்டர் ஓடிய இடத்து டீசல், குளிரூட்டும் குழாய்க்குள் மிச்சமிருக்கும் அம்மோனியா. கண்ணுக்குத் தெரிவது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும், பக்கத்தில் படகு பழுது பார்த்திருந்தால் சுரண்டிப் போட்ட பெயிண்ட் செதிலும். மூக்குக்கும் கண்ணுக்கும் அகப்படாத ஒன்று பிரைன் தொட்டிக்கு, அதாவது ஐஸ் உறையவைக்கும் உப்புக் கரைசல் தொட்டிக்கு, அடியில் இருக்கும். அதுதான் குரோமியம். இந்தக் கடற்கரையில் நான் முதலில் தேடச் சொல்வதும் அதைத்தான்.

ஐஸ் கம்பெனிக்கும் குரோமியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் அதிகம். பார் ஐஸ் உறைவது நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களில். அந்தக் கேன்கள் நிற்பது மைனஸ் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்த உப்புக் கரைசலில். சில இடங்களில் சாதாரண உப்பு, சில இடங்களில் கால்சியம் குளோரைடு. இந்தக் கரைசல் இரும்புத் தொட்டியையும் அம்மோனியா ஓடும் குழாய்ச் சுருளையும் (காயில்) தின்றுவிடும் என்பதால், துருப் பிடிக்காமல் இருக்க சோடியம் டைகுரோமேட் கலப்பது பழைய நடைமுறை. குளிர்பதனக் கையேடுகள் சொன்ன அளவு, கால்சியம் குளோரைடு கரைசலுக்கு லிட்டருக்கு 2 கிராம், சாதாரண உப்புக் கரைசலுக்கு 3.2 கிராம். எல்லாக் கம்பெனியும் போட்டதில்லை. வெறும் உப்போடு ஓட்டியவர்களும் உண்டு. ஆனால் போட்ட இடத்தில், தொட்டி ஒழுகியிருந்தால், ஒழுகியது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் வரவைக்கும் வகை அதுதான். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே அதைப்போல் இருபது மடங்காவது வேண்டும். ஆகவே "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

நம் மண் இதற்கு ஒத்தாசை செய்கிற மண். களிமண்ணும் மக்கும் நிறைய உள்ள நிலத்தில் இந்தக் குரோமியம் கொஞ்ச தூரம் போவதற்குள் மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாறி, மண்ணோடு ஒட்டிக்கொண்டு அடங்கிவிடும். கடற்கரை மணலில் மக்கு கிடையாது. சிப்பித் தூள் கலந்திருப்பதால் பி.எச். (அமில, கார அளவு) எட்டுக்கு மேல் நிற்கும். அந்த நிலையில் அது எதிலும் ஒட்டாது, மழைத் தண்ணீரோடு நேராகக் கீழே போகும். கீழே ஒன்றரை, இரண்டு மீட்டரில் இருப்பது ஊற்றுத் தண்ணீர்.

ஊற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மணலில் இடுப்பளவு குழி, அடியில் கசிந்து சேரும் ஒரு சாண் தண்ணீர், அதைக் கலங்காமல் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு அள்ளினால் உப்பு ஏறிவிடும் என்று பெண்களுக்குத் தெரியும். காரணம், அங்கே இருப்பது உப்புத் தண்ணீர் மேல் மிதக்கும் ஒரு நல்ல தண்ணீர்ப் படலம். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு சாண் உயரம் நின்றால், கீழே சுமார் நாற்பது சாண் ஆழத்துக்கு உப்பைத் தள்ளிப் பிடித்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு சாண் இறைத்தால் கீழே நாற்பது சாண் உப்பு ஏறும். மாசுபட்ட நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்தம் செய்கிற முறை மற்ற ஊர்களில் எடுபடும். இங்கே மோட்டார் போட்டால் மாசு போவதற்கு முன் தண்ணீரே போய்விடும்.

வேலையைக் கழற்றுவதிலிருந்து தொடங்குவோம். இரும்பு வாங்குகிறவரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் கேட்டைத் திறக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது செம்பும் இரும்பும். தொட்டியில் கிடக்கும் கரைசலும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயும் அவருக்குக் குப்பை. தொட்டியின் மூலையில் கேஸ் கட்டர் வைத்து ஓட்டை போட்டு, உள்ளே கிடப்பதைத் தரையில் ஓட விட்டுவிட்டுத் தகட்டை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஒப்பந்தத்தில் இந்த மூன்றும் இருக்கட்டும்: கரைசல், எண்ணெய், சேறு எதையும் தரையில் விடக் கூடாது. அம்மோனியா முழுக்க வெளியேறியதாக அந்த வேலை தெரிந்த மெக்கானிக் எழுதித் தரும்வரை குழாயை வெட்டக் கூடாது. தொட்டித் தகட்டைத் தூக்கும் நாளில் மண் மாதிரி எடுப்பவர் அங்கே இருக்க வேண்டும்.

அம்மோனியாவைப் பற்றிச் சுருக்கமாக. அம்மோனியா சேர்ந்து நிற்கும் ரிசீவர் தொட்டியில் கேஜ் சைபர் காட்டினாலும் எண்ணெய் வடிக்கும் பானையிலும் காயிலின் தாழ்ந்த வளைவிலும் எண்ணெயோடு கலந்து அம்மோனியா நிற்கும். மிச்ச வாயுவை ரப்பர் ஹோஸ் வழியாகத் தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் விட வேண்டும். ஒரு கிலோ அம்மோனியாவுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். தேங்கி நிற்கும் திரவ அம்மோனியா மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, பொங்கி வாயுவாக அடிக்கும். காற்றில் 15 முதல் 28 சதவீதம் கலந்தால் அம்மோனியா தீப்பிடிக்கும். கழுவாத குழாயில் கட்டர் வைத்தால் வெடிப்பது இதனால்தான். கசிவு பார்க்க மெக்கானிக்குகள் கந்தகத் திரி கொளுத்திக் காட்டுவார்கள், அம்மோனியா இருந்தால் வெள்ளைப் புகை எழும். டீசல் சிந்திய அறைக்குள் அந்தத் திரியைக் கொண்டுபோகாமல் ஈர லிட்மஸ் தாளே போதும்.

கம்பெனிக்குச் சொந்தமான டிரான்ஸ்ஃபார்மர் இருந்து, அது மிகப் பழையதாக இருந்தால், எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்த பிறகே வடிக்க வேண்டும். பி.சி.பி.யின் பயன்பாட்டை 2025 டிசம்பர் 31-க்குள் முழுக்க நிறுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே ஆணை போட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஈரப்படுத்தி, போல்ட்டை வெட்டி, முழுத் தகடாக இறக்கி, இரண்டு சுற்றுத் தடித்த பாலிதீனில் கட்ட வேண்டும். உடைத்து இறக்கினால் நார் காற்றில் பறக்கும். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் இந்த வேலையே வேண்டாம்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 820 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது ஊற்று மட்டம் மேலேறி, தோண்டிய குழி குளமாகும். வைகாசி முதல் மணல் பறக்கும். இடையில் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை கிடைப்பதுதான் தோண்டுகிற காலம். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் ஆட்கள் ஊரில் இருப்பார்கள் என்று வேலையை அங்கே தள்ளுவது வழக்கம். ஆள் கிடைப்பார்கள், காற்றும் கூடவே கிடைக்கும். தோண்டுவதை அதற்கு முன் முடித்து, மேல்மண் பரப்புவதைத் தடைக்காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சீமைக்கருவேலை வேரோடு பிடுங்க வேண்டும் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். மண் மாதிரி எடுத்து முடிவு வரும்வரை தரைமட்டத்தில் வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். ஜேசிபி புரட்டினால் ஒரு மூலையில் இருந்த மாசு நாற்பது சென்டுக்கும் பரவி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். முப்பது கன மீட்டர் வேலை முந்நூறு கன மீட்டர் வேலையாவது இப்படித்தான். வெட்டிய விறகை அங்கேயே மூட்டம் போட்டுக் கரி எடுக்கவும் வேண்டாம். சூடும் சுண்ணாம்புத் தன்மையும் சேர்ந்தால் மண்ணில் அடங்கிக் கிடக்கும் மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறாக மாறும். குரோமேட் தொழிற்சாலையே அடிப்படையில் இதைத்தான் செய்கிறது: தாதுவைக் காரத்தோடு சேர்த்து வறுக்கிறது. அந்தத் தொழிலின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்பதற்கு ராணிப்பேட்டையில் குவிந்து கிடக்கும் குரோமியக் கழிவே சாட்சி.

மாதிரி எடுக்கும் முறைக்கு வருவோம். நாற்பது சென்ட் என்பது ஏறக்குறைய 1,600 சதுர மீட்டர். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் போட்டால் பதினாறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஒன்று, 50 முதல் 100 சென்டிமீட்டருக்குள் ஒன்று. இது பொதுவான பார்வை. இதைத் தவிர சந்தேக இடங்களில் தனியாக: தொட்டிக்கு அடியில் நான்கு இடம், கம்ப்ரசர் அறை வடிகால் முடியும் இடம், டீசல் டேங்க் அடி, டிரான்ஸ்ஃபார்மர் மேடை, படகு சுரண்டிய இடம், வலைக்கு ஈயம் உருக்கி வார்த்த இடம். பத்துக் குழி மண்ணையும் ஒரே பையில் கலந்து ஒரு சோதனை செய்து செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒரு குழியில் இருக்கும் விஷம் ஒன்பது நல்ல மண்ணில் கரைந்து "அளவுக்குள் உள்ளது" என்று ரிப்போர்ட் வரும். சந்தேக இடத்து மண்ணைக் கலக்கவே கூடாது.

உலோகத்துக்கான மண் பிளாஸ்டிக் டப்பாவில் போகலாம். டீசலுக்கான மண் கண்ணாடிப் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பி, காற்று இடம் இல்லாமல் மூடி, ஐஸ் பெட்டியில் போக வேண்டும். தண்ணீரில் ஆறு இணைதிறன் குரோமியம் பார்ப்பதென்றால் எடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சோதனை ஆக வேண்டும், அதனால் வெள்ளிக்கிழமை மாலை எடுத்து அனுப்புவது பணத்தை வீணடிப்பது. "மொத்தக் குரோமியம்", "ஆறு இணைதிறன் குரோமியம்" இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் முதலாவது மட்டும் வரும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. களத்திலேயே பார்க்க டைஃபீனைல்கார்பசைடு கிட் கிடைக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் ஊதா நிறம் வரும்.

தண்ணீர் பார்க்கும் குழாய் குறைந்தது மூன்று, முக்கோணமாக. நான்கு அங்குல பி.வி.சி. போதும். ஹாக்சா பிளேடால் மெல்லிய கீறல் போட்டு, சுற்றிலும் நைலான் சல்லடை, பிறகு பொடி ஜல்லி. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கீறலைக் குழாயின் அடிப்பகுதியில் மட்டும் போடுவது. டீசல் தண்ணீர் மேல் மிதக்கும். கீறல் தண்ணீர் மட்டத்துக்கு மேலே அரை மீட்டரிலிருந்தே தொடங்கினால்தான் டீசல் குழாய்க்குள் வரும். இல்லாவிட்டால் வெளியே ஒரு விரற்கடை டீசல் மிதந்தாலும் உள்ளே சுத்தமான தண்ணீர் தெரியும். மூன்று குழாயின் வாயையும் கொத்தனாரின் டியூப் மட்டம் வைத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, தண்ணீர் எந்தக் குழாயில் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியும். கடல் பக்கம்தான் ஓடும் என்று நினைத்துவிடக் கூடாது. பாம்பன் மாதிரி வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஓடும்.

இனி தொட்டி. பிரைன் தொட்டி இரும்புத் தகட்டால் ஆனது. அடியில் குளிர் தாங்க கார்க் அல்லது தெர்மோகோல், அதை ஒட்டத் தார், அதற்கும் கீழே கான்கிரீட் படுகை. தகடு ஓட்டையானால் கரைசல் இந்த அடுக்குக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. உப்பு ஏன் அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்பது மட்டும்தான் அன்றைக்குக் கிடைத்த அறிகுறி. தகட்டைத் தூக்கும்போது கார்க் கறுப்பாக நைந்து வரும். கீழே கான்கிரீட்டில் வெள்ளை உப்புப் பொருக்கு படர்ந்திருக்கும். அந்தப் பொருக்கின் ஓரம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. தெளித்து நனைத்துச் சுரண்ட வேண்டும்.

தொட்டியில் மிச்சமிருக்கும் கரைசலை முதலில் செயலிழக்கச் செய்ய வேண்டும். இதற்கான மருந்து நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அன்னபேதி, உரக்கடையில் ஃபெரஸ் சல்ஃபேட். ஒரு கிராம் ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக மாற்ற, கணக்குப்படி 16 கிராம் அன்னபேதி வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொட்டியில் 20,000 லிட்டர், ஆய்வக முடிவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்றால் மொத்தம் 4 கிலோ குரோமியம். 64 கிலோ அன்னபேதி கணக்கு, நடைமுறையில் இரண்டு மடங்கு, 130 கிலோ. வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு மஞ்சளாக மாறியிருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது, எவ்வளவு கொட்டினாலும் வேலை செய்யாது. கலக்கியபின் கிட்டில் ஊதா வருவது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு சுண்ணாம்புப் பால் விட்டு பி.எச். எட்டரைக்குக் கொண்டுவந்தால் குரோமியமும் இரும்பும் சேர்ந்து துருநிறச் சேறாக ஒரு ராத்திரியில் அடியில் படியும். அந்தச் சேறு அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அங்கீகரிக்கப்பட்ட கிடங்குக்குத்தான் போக வேண்டும், கண்மாய்க் கரைக்கு அல்ல.

மேலே தெளிந்து நிற்கும் உப்புத் தண்ணீரை என்ன செய்வது? சாதாரண உப்பென்றால் காயவைக்கலாம். நூறு சதுர மீட்டரில் கரை கட்டி, தடித்த பாலிதீன் விரித்து 20 சென்டிமீட்டர் உயரம் நிறுத்தினால் அந்த 20,000 லிட்டரும் அடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நாளுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் குறையும், உப்பு கெட்டியாக ஆக வேகமும் குறையும், ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கால்சியம் குளோரைடு கரைசலைக் காயவைக்கப் பார்த்தால் ஏமாற்றம்தான். அது கடல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு சித்திரையிலும் பிசுபிசுவென்று நிற்கும். அதை டேங்கரில்தான் அனுப்ப வேண்டும். எது என்று தெரிய, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து நான்கு நாள் வெயிலில் வைத்தாலே போதும். கட்டியாகப் படிகம் விட்டால் உப்பு, தேன்போல் நின்றால் கால்சியம் குளோரைடு.

அடி மண்ணுக்கும் அதே அன்னபேதிதான், ஆனால் அளவு வேறு. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்பு தன் வேலையைச் செய்வதற்குள் துருவாகிப் பாதி வீணாகும். அதனால் கணக்கைப்போல் நான்கு மடங்கு வைக்க வேண்டும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் உள்ள மண் ஒரு கன மீட்டரில், அதாவது சுமார் 1.6 டன்னில், 160 கிராம் குரோமியம் இருக்கும். கணக்கு இரண்டரைக் கிலோ, போடுவது பத்துக் கிலோ. குழியில் கரைசலாக ஊற்றிவிட்டு மூடினால் மேலே ஒரு கெட்டித் தட்டு உண்டாகி மருந்து கீழே இறங்காது. மண்ணை வெளியே எடுத்து, பாலிதீன் மேல் பரப்பி, தூவிப் புரட்டி, பிசைந்த மாவு ஈரத்துக்கு நனைத்து, மூடி இரண்டு வாரம் வைத்து, ஆறு இணைதிறன் குரோமியம் மிச்சம் உண்டா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறினாலும் ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மணல் பருக்கைக்குள் ஊறியிருந்தது மெதுவாக வெளியே வரும். இப்படிச் சரிசெய்த மண் மேல் நேராக சிமெண்ட் தளம் போடக் கூடாது. சல்ஃபேட் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும்.

இந்தக் குரோமிய வேலையை ஊர் இளைஞர்கள் சேர்ந்து சிரமதானமாகச் செய்யலாமா என்றால், கூடாது. அங்கீகாரம் உள்ள நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாத வேலை இது. கணக்கை இவ்வளவு விரிவாகச் சொல்வது, செய்ய வருகிறவர் எத்தனை மூட்டை இறக்குகிறார் என்று ஊர் எண்ணிப் பார்ப்பதற்காக.

இன்னொன்று. பக்கத்துக் கிணற்றில் சந்தேகம் என்றால் பஞ்சாயத்திலிருந்து உடனே பிளீச்சிங் பவுடர் கொட்டுவார்கள். கிருமிக்குச் சரி. இங்கே குளோரின் மூன்று இணைதிறன் குரோமியத்தை ஆறாக்கும். காசு செலவழித்து அடக்கியதைத் திரும்ப எழுப்பிவிடுகிற காரியம்.

டீசல் மண், இதோடு ஒப்பிட்டால், சாதுவானது. நுண்ணுயிர்கள் தின்றுவிடும், நம் வெயிலும் உதவும். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பங்கு மண், இரண்டு பங்கு தண்ணீர் போட்டுக் குலுக்கி வைத்தால் மேலே வானவில் படலமோ எண்ணெய் வளையமோ தெரியும். அந்த மண்ணைத் தோண்டி, பாலிதீன் மேல் முப்பது சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, சுற்றிலும் ஒரு சாண் வரப்பு வைக்க வேண்டும். டீசலில் உள்ள நூறு பங்கு கரிக்கு (கார்பன்) பத்துப் பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து என்பது விகிதம். கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் டீசல் உள்ள மண் பத்துக் கன மீட்டர் என்றால் யூரியா 15 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 10 கிலோ வரும். இதை ஒரே தடவையில் போட்டதால் கெட்டுப்போன வேலைகள்தான் அதிகம். மணலில் ஈரம் குறைவு, அந்தக் கொஞ்ச ஈரத்தில் அத்தனை யூரியாவும் கரைந்தால் நுண்ணுயிரே செத்துப்போகும். பி.எச். எட்டுக்கு மேல் என்பதால் பாதி அம்மோனியாவாகப் பறந்தும் விடும். நான்கு பங்காக, மூன்று வாரத்துக்கு ஒரு முறை. கூடவே கன மீட்டருக்கு இரண்டு கூடை மக்கிய தொழு உரம், கொஞ்சம் தென்னை நார்க் கழிவு, ஈரம் பிடித்து நிற்க. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. தெளிக்க உவர் தண்ணீர் வேண்டாம். வாரம் ஒரு முறை மண்வெட்டியால் புரட்டினால் நான்கு முதல் ஆறு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். நாற்றம் போனது என்பதை வைத்து முடித்துவிடக் கூடாது, லேசான பகுதி முதல் மாதமே ஆவியாகிவிடும், கனமான பகுதி மணமில்லாமல் கிடக்கும். பிள்ளைகள் புரளும் இடம் என்றால் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை நான் விடமாட்டேன்.

படகு சுரண்டிய இடத்தில் ஈயமும் செம்பும் மேல் ஒரு சாணுக்குள்ளேயே இருக்கும், பெரும்பாலும் செதிலாக. அந்த மேல்மண்ணை வழித்தெடுத்தால் முக்கால்வாசி தீர்ந்தது. ஈயம் உருக்கிய இடம் வேறு கதை, அங்கே சாம்பலோடு கலந்து நுண்தூளாக இருக்கும். குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்கா வைத்திருந்த கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்ற வழிகாட்டு அளவை 2024-ல் 200 ஆகக் குறைத்தார்கள். அந்தப் புது அளவைப் பிடித்துக்கொள்வது பாதுகாப்பு.

உப்பைக் கழுவுவது கடைசி வேலை, வரிசை மாறக் கூடாது. மணலில் உப்பைக் கழுவ ஜிப்சம் எதுவும் வேண்டாம். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் மேல் ஒரு மீட்டர் தானாகவே கழுவிவிடும். அதற்காகக் குரோமியத்தைத் தீர்க்காமல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் அத்தனையும் ஊற்றுக்குப் போய்ச் சேரும். அதேபோல் கண்மாய் வண்டலை உப்புக் கழுவும் முன் பரப்பினால், சோடியம் ஏறி வண்டல் பாறைபோல் இறுகி, மழைத் தண்ணீர் மேலேயே நிற்கும்.

எந்த உபயோகம் என்று முடிவானால்தான் எவ்வளவு சுத்தம் என்று முடிவாகும். வலைக் கொட்டகைக்குத் தளம் போட்டுவிட்டால் போதும். மைதானத்துக்கு அறுபது சென்டிமீட்டர் நல்ல மண் மேலே வேண்டும். கருவாட்டுக் களம் மட்டும் இந்த இடத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. தரையில் இருந்து இரண்டரை அடி உயரத்தில் பரண் கட்டிக் காயப்போடுவோம் என்று எழுதிக் கொடுப்பார்கள், மீன் அதிகம் பட்ட நாளில் தரையில் கொட்டுவார்கள். மேலே போடும் மண்ணுக்குப் பக்கத்து மணல்மேட்டை வெட்டக் கூடாது, கடலோர ஒழுங்காற்று விதியில் அதற்கு இடமில்லை, அந்த மேடு இல்லாவிட்டால் ஊற்றும் இல்லை.

காகித வேலையில் ஒன்று புதிது. மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதி வெளியிட்டிருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலிட வேண்டும், தகவல் வந்த 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு, அதற்குப் பின் இன்னொரு 90 நாளில் விரிவான ஆய்வு, மாசு செய்தவர் தலையில் செலவு. எனவே நிலம் ஊர் பேருக்கு மாறும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கிரயம் முடிந்தபின் போனால் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது யார் என்ற கேள்வியிலேயே இரண்டு மழைக்காலம் ஓடிவிடும்.

மேல்மண் பரப்பும் முன் பழைய மண்ணுக்கும் புது மண்ணுக்கும் நடுவே அடையாளம் ஒன்று விரிக்க வேண்டும். செலவு மிச்சம் என்று பழைய வலையை விரிப்பதைத்தான் நம் ஊரில் முதலில் நினைப்பார்கள். மீன்பிடி ஊரில் எங்கே தோண்டினாலும் கிழிந்த வலை வரும், அதைப் பார்த்து யாரும் மண்வெட்டியை நிறுத்த மாட்டார்கள். ரோடு வேலையில் கட்டுகிற ஆரஞ்சு வலையை வாங்கி விரியுங்கள். அதன் ஆழத்தையும் எல்லையையும் வரைந்து பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று, கோயில் கமிட்டியிலோ ஜமாத்திலோ சபையிலோ ஒன்று வையுங்கள். திருவிழாப் பந்தல்காலுக்கும் கொடிக்கம்பத்துக்கும் குழி போடுகிறவர் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு வரமாட்டார். ஆரஞ்சு தெரிந்தால் அதற்குக் கீழே ஒரு வெட்டும் போடக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.